நடையைப் பார்த்தே ஆளை எடை போடுகிறவர்கள்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர், சொன்னார்: "இன்டர்வியூவுக்கு உள்ள வரும்போதே தெரிஞ்சிடும் சார். நடையப் பாத்தாலே போதும்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

என்ன தெரிந்துவிடும்? வசதியான வீட்டுப் பிள்ளையா, எந்த மாதிரிப் பள்ளியில் படித்தவன், வீட்டில் இங்கிலீஷ் புழங்குமா என்பதெல்லாம் தெரியும். வேலை வருமா என்பது மட்டும் தெரியாது. சந்தையில் மாடு பிடிப்பவர்கூட ஏரில் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை.

1979-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி சுமார் 800 பேரை நேர்காணல் செய்து வரிசைப்படுத்தியது. முன்வரிசையிலிருந்து 150 பேரைச் சேர்த்தது. பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லி மாநிலச் சட்டமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் நல்ல இடம் பிடித்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போயிருந்தார்கள். மிஞ்சியவர்கள் 700-ஆவது இடத்துக்குக் கீழே தள்ளப்பட்டவர்கள்தான். அவர்களில் 50 பேரைச் சேர்த்தார்கள். என்ன ஆயிற்று? படிப்பிலும் பட்டம் பெற்றதிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. டாக்டராகி நோயாளிகளைப் பார்த்த முதல் ஆண்டிலும் இல்லை. நேர்காணலில் 'தேறாது' என்று கழித்துக்கட்டப்பட்டவர்கள்! பேராசிரியர்கள் கூடி உட்கார்ந்து போட்ட வரிசையின் லட்சணம் அது. பந்தியில் பேசியவருக்கோ ஒரு கதவும் நாலு அடி நடையும் போதுமாம்.

நம் நாட்டுக் கதை இன்னும் மோசம். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50 என்று வைத்திருந்தார்கள். ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஒதுக்கினார்கள், அதிலும் பெற்றோரைப் பற்றியும் ஊரைப் பற்றியும்தான் கேட்டார்கள் என்பது புகார். 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம், நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் வைப்பது தான்தோன்றித்தனம் என்று சொல்லிவிட்டது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. நம் கிராம நிர்வாக அலுவலரும் எழுத்துத் தேர்வு எழுதித்தான் வருகிறார். பட்டா மாறுதல் நின்றா போயிற்று?

'பேசிப் பார்க்காமல் எப்படி எடுப்பது' என்பார்கள். பேசுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். செய்யப்போகும் வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டுச் சாய்ந்து உட்காருவதற்கு என்ன பெயர்? அந்தப் பதிலை மனப்பாடம் செய்து ஒப்பிக்கக் கற்றுக்கொடுக்கவே பயிற்சி மையங்கள் காசு வாங்குகின்றன. காசு கட்ட முடிந்தவன் 'தன்னம்பிக்கை உள்ளவன்' ஆகிறான். திருவாரூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்த பெண், அக்கவுண்ட்ஸ் அத்தனையும் தெரிந்தும், இங்கிலீஷில் ஒரு வார்த்தைக்குத் தடுமாறியதால் 'கம்யூனிகேஷன் சரியில்லை' ஆகிறாள். ஹூஸ்டனில் கடைசி வரிசையில் நின்றவர்களும் இவளைப் போல நேர்காணலில் கழிக்கப்பட்டவர்கள்தான்.

கழிப்பதையாவது முகத்துக்கு நேரே சொல்கிறார்களா? 'கூப்பிடுறோம்' என்பார்கள். மாதக்கணக்கில் போன் வராது. 'இல்லை' என்று ஒரு வரி எழுதக்கூட மனசு வராது.

எடுத்துக்கொண்டாலும் விடமாட்டார்கள். பழைய சம்பளம் எவ்வளவு என்பார்கள், அதற்கு மேல் கொஞ்சம் போட்டுத் தருவார்கள். முதல் வேலையில் குறைத்துக் கொடுத்து ஏமாற்றப்பட்டவள் ஆயுசு முழுக்க அந்தக் குறையைச் சுமக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2018 முதல் அந்தக் கேள்வியைக் கேட்கவே சட்டத்தில் தடை. அதே கலிஃபோர்னியாவுக்கு வேலை செய்து கொடுக்கிற நம் ஊர் நிறுவனங்கள் பல, மூன்று மாத பே-ஸ்லிப்பைக் கையில் வாங்காமல் ஆஃபர் லெட்டரை அனுப்புவதில்லை.