எத்தனை எம்.எம். வேணும் பாஸ்?

இந்தப் பக்கத்துக்கு வர்ற கேள்விகள்ல ஒண்ணு மட்டும் வாராவாரம் ஆஜர் ஆகிடுது. 'பறவை போட்டோ எடுக்கணும். 600 எம்.எம். லென்ஸ் இ.எம்.ஐ-யில கிடைக்குது. வாங்கிடலாமா?'

கேட்கிறவங்க முக்கால்வாசி காலேஜ் பசங்க. அப்போ இ.எம்.ஐ. கட்டப்போறது யாரு? ஊர்ல இருக்கிற அப்பாதான்! அதனால இதுக்கு 'சூப்பர், வாங்கிடு மச்சி'ன்னு ஒரே வரியில பதில் சொல்லிட முடியாது. நாம எல்லாம் இன்ஜினீயரிங் பார்ட்டி ஆச்சே... கணக்குப் போட்டே பார்த்துடலாம். களம், நம்ம கடலூர் - சிதம்பரம் ஏரியா. பிச்சாவரம், வீராணம், குறிஞ்சிப்பாடி பக்கத்துல பெருமாள் ஏரி, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்னு ஒரே மாவட்டத்துல காடும் ஏரியும் கடலும் இருக்கிறது நமக்கு லக்கு!

ரெண்டு வரி கணக்கு

சென்ஸாரோட அகலத்தை ஃபோக்கல் லெங்த்தால வகுங்க. வர்ற விடையைப் பறவை இருக்கிற தூரத்தால பெருக்குங்க. ஃப்ரேமுக்குள்ள எவ்வளவு அகலம் அடங்கும்னு தெரிஞ்சுடும். அவ்வளவுதான் மேட்டர்!

நிக்கான், சோனியோட ஏ.பி.எஸ்-சி கேமராக்கள்ல சென்ஸார் அகலம் சுமார் 23.5 மி.மீ. லென்ஸ் 300 எம்.எம்., தூரம் 20 மீட்டர்னா, ஃப்ரேமோட அகலம் 1.57 மீட்டர். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். ஆக, ஃப்ரேம்ல அது ஐந்தில் ஒரு பங்குகூட வராது. 600 எம்.எம். போட்டா மூன்றில் ஒரு பங்குக்கு மேல வரும். சரி, அதே 300-ஐ வெச்சுக்கிட்டு 10 மீட்டர் தூரத்துக்குப் போனா? அப்பவும் அதே சைஸ்தான்! 10 மீட்டர் கிட்டப் போறதும், லென்ஸுக்கு இன்னொரு பெரிய தொகை கொடுக்கிறதும் இங்கே ஒண்ணுதான்.

கிட்டப் போக முடியுமா, முடியாதாங்கிறதுதான் அடுத்த கேள்வி. அதுக்குப் பதில் இடத்துக்கு இடம் மாறும்.

பிச்சாவரம்: சின்ன லென்ஸ் போதும்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற அலையாத்திக் காடு இது. 'இதயக்கனி'யிலயும் 'தசாவதார'த்திலயும் பார்த்திருப்பீங்க. 2022-ல ராம்சார் ஈரநிலப் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. உள்ளே போற கால்வாய்கள் குறுகலா இருக்கும். பல இடங்கள்ல ரெண்டு பக்கக் கிளையும் தலைக்கு மேல கூடு கட்டிக்கிட்டு நிக்கும். மீன்கொத்தியும் கொக்கும் பத்து, பதினஞ்சு மீட்டர்லயே உட்கார்ந்திருக்கும். சாம்பல் நாரை மாதிரி ஒரு மீட்டர் உயரப் பார்ட்டி அந்தத் தூரத்துல வந்தா, 300-லேயே கால் வெட்டுப்படும். பேசாம 200-க்கு ஸூமைக் குறைச்சுக்கணும். இங்கே ஸூம் லென்ஸ்தான் கிங்!

600 வெச்சிருக்கிறவருக்கு இங்கே மூணு தலைவலி. ஒண்ணு, வெயிட். சிக்மா 150-600 கன்டெம்ப்ரரி கிட்டத்தட்ட ரெண்டு கிலோ. ரெண்டு, அந்த லென்ஸ் 2.8 மீட்டருக்குக் கிட்ட இருக்கிறதை ஃபோகஸ் பண்ணாது. பக்கத்து வேர்ல நண்டு வந்தா சும்மா வேடிக்கைதான் பார்க்கணும். மூணு, வெளிச்சம். இலைகளுக்கு அடியில இருட்டு. 600-ல அதோட துவாரம் எஃப்/6.3-ஐத் தாண்டித் திறக்காது. ஐ.எஸ்.ஓ-வை ஏத்திக்கிட்டே போகணும்.

ட்ரைபாடைப் படகுல ஏத்தாதீங்க. படகோட ஆட்டம் அப்படியே அதோட கால் வழியா கேமராவுக்கு வந்துடும். முழங்கையை முட்டியில ஊன்றிக்கிட்டு எடுங்க. துடுப்புப் படகாப் பார்த்து ஏறுங்க. "அண்ணே, கொஞ்சம் துடுப்பை நிறுத்துங்களேன், தானா மிதக்கட்டும்"னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே நிறுத்துவாங்க. எந்தத் திருப்பத்துல எந்தப் பறவை உட்காரும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தில்லை மரம் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான். கிளை ஒடிஞ்சா வர்ற பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. போட்டோவுக்கு இடைஞ்சலா இருக்குன்னு எந்தக் கிளையையும் இழுக்கவோ ஒடிக்கவோ வேண்டாம்.

வீராணம்: இங்கேதான் 600-க்கு வேலை

வந்தியத்தேவன் குதிரையில வந்த அதே ஏரிக்கரை. காட்டுமன்னார்கோவில், லால்பேட்டைப் பக்கம் கரையில நின்னா, பறவைங்க அம்பது அறுபது மீட்டர் தள்ளித்தான் இருக்கும். தண்ணியில இறங்கி நடக்கவா முடியும்? அறுபது மீட்டர்ல 300-ஓட ஃப்ரேம் அகலம் 4.7 மீட்டர். அதுல நத்தைகுத்தி நாரை ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் பெருசா தெரியும். 600-ல அது டபுள் ஆகும். அப்பவும் ஃப்ரேம் நிறையாது.

இன்னொரு விஷயம், வெயில் ஏற ஏற தண்ணி மேல காத்து அலைய ஆரம்பிச்சுடும். எவ்வளவு காஸ்ட்லி லென்ஸா இருந்தாலும் தூரத்துப் பறவை உருகின மெழுகு மாதிரிதான் பதிவாகும். சூரியன் வந்த முதல் ரெண்டு மணி நேரம்தான் நம்ம டைம். கடலூர் பீச்சுக்கும் இதே ரூல்தான். அங்கே மணல்ல படுத்து, பறவையோட கண் மட்டத்துல லென்ஸை வெச்சுப் பாருங்க. உள்ளான் மாதிரி சின்னப் பறவைகூட ஹீரோ மாதிரி நிக்கும்.

கடையில போய் நிக்கும்போது

* மிரர்லெஸ் வந்த பிறகு, பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் செகண்ட் ஹேண்ட்ல நிறைய வருது. உங்க கேமராவைக் கையோட எடுத்துட்டுப் போய் மாட்டிப் பார்த்துட்டுத்தான் காசைக் கொடுக்கணும். நிக்கானோட ஏ.எஃப்-பி 70-300, பழைய டி3100-ல ஃபோகஸே ஆகாது. பேர்ல ஒரே நம்பர் இருந்தா ஒரே லென்ஸ்னு அர்த்தமில்ல.
* பின்பக்கத்துல இருந்து செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. 'துடைச்சா போயிடும் தம்பி'ன்னு சொன்னா நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டுங்க.
* நடுக்கம் குறைக்கிற வசதி இருக்கான்னு பாருங்க. கேனான்ல ஐ.எஸ்., நிக்கான்ல வி.ஆர். 1995-ல கேனான் 75-300-லதான் எஸ்.எல்.ஆர். லென்ஸுக்கு முதல் முறையா இது வந்துச்சு. உங்க கை நடுக்கத்தை இது சமாளிக்கும். பறவையோட ஆட்டத்தை நிறுத்தாது. அதுக்கு ஷட்டர் ஸ்பீடுதான் மருந்து.

300 எம்.எம்-க்கு ஏ.பி.எஸ்-சி கேமராவுல குறைஞ்சது 1/500. படகுன்னா 1/1000. பறக்கிற கொக்குக்கு 1/1600-க்குக் குறையக் கூடாது. விலை குறைஞ்ச ஸூம்கள் கடைசி முனையில கொஞ்சம் மந்தமா இருக்கும். வெளிச்சம் இருந்தா எஃப்/8 வைங்க, பளிச்னு வரும். முதல்ல ஸூமைக் குறைச்சு வெச்சுப் பறவையைப் பிடிங்க, அப்புறம் உள்ளே போங்க. எடுத்ததும் 600-ல தேடினா இலைதான் கிடைக்கும்.

உப்புக் காத்துல சுத்திட்டு ரூமுக்கு வந்ததும் லென்ஸை வெளிப்பக்கம் லேசா ஈரத்துணியால துடைச்சு, காய விடுங்க. பாத்திரக் கடையில கிடைக்கிற காத்துப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஹாஸ்டல் பீரோவுக்குள்ள துணியோட போட்டு வெச்சா, அடுத்த மழைக்காலத்துல பூஞ்சைக்கு விருந்துதான்!

கருவி பெருசா, கண் பெருசா?

மா.கிருஷ்ணன்னு ஒருத்தர் (1912-1996). நாவலாசிரியர் அ.மாதவையாவோட மகன். இந்தியக் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில படம் எடுத்த முன்னோடி. பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கின ஒரு கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா'ன்னு பேர் வெச்சிருந்தார். ஆட்டோஃபோகஸ் கிடையாது, எடுத்த உடனே பார்க்க ஸ்கிரீன் கிடையாது. அவர்கிட்ட இருந்தது பொறுமையும், மிருகம் அடுத்து என்ன செய்யும்ங்கிற அறிவும். அது எந்தக் கடையிலயும் இ.எம்.ஐ-க்குக் கிடைக்காது.

அந்த அறிவோட முதல் பாடம் இதுதான். சாப்பிட்டுக்கிட்டு இருந்த பறவை நிறுத்திட்டுத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தா, நீங்க ஏற்கெனவே ரொம்ப கிட்ட வந்துட்டீங்க. அங்கேயே நில்லுங்க. பறந்த படம் வேணும்னு கல் எறியறது, கை தட்டறது எல்லாம் ரொம்பத் தப்பு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வலசை வந்த பறவைக்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் முக்கியம். கூட்டுப் பக்கமே போகாதீங்க. தாய் எழுந்து போனா, அந்த வெயில்ல முட்டை என்ன ஆகும்? ஜனவரிக்கு மேல கடலூர்க் கரையில முட்டையிட வர்ற பங்குனி ஆமைங்க பக்கம் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

இப்போ தீர்ப்பு. முதல் லென்ஸா 70-300 இல்லேன்னா 55-250 வாங்குங்க, செகண்ட் ஹேண்டா இருந்தாலும் ஓகே. பிச்சாவரம், பீச், காலேஜ் கேம்பஸ் மரம் எல்லாத்துக்கும் அது போதும். வீராணம் சீஸனுக்கு மட்டும் நாலு பேர் காசு போட்டு 150-600-ஐ ரெண்டு நாள் வாடகைக்கு எடுங்க. அப்படி ரெண்டு சீஸன் போன பிறகும் 'பத்தலையே'ன்னு தோணினா, அப்போ அப்பாகிட்ட பேசலாம். நீங்க எடுத்த படங்களும் உங்களுக்காகக் கூட சேர்ந்து பேசும்!