புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டுவது?



"ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி" வாழுமாறு மணமக்களை வாழ்த்துகிறோம். அந்த அருகம்புல்லை வெட்டுவதில் யான் செய்த பிழையொன்றை இத்திங்கள் எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் இறுதியில், திருவிழாவை முன்னிட்டுக் கெபியின் முன்னுள்ள புல்வெளியைத் தரையோடு தரையாக வெட்டச் சொன்னேன். ஒரு முறை ஒட்ட வெட்டினால் பல நாள் வேலை மிச்சம் என்பது என் கணக்கு. பச்சை மறைந்து பழுப்புத் தண்டுகளே எஞ்சின. வெயில் மண்ணைச் சுட்டது. வெற்றிடங்களில் கோரையும் பார்த்தீனியமும் முளைத்தன. ஜூன் மாதம் சாரல் தொடங்கியதும் சரிவிலிருந்த மேல்மண் கரைந்து ஓடிற்று. பிள்ளைகள் விளையாடிய இடம் சேறாயிற்று.

காரணம் எளிது. புல் தன் உணவை இலையிலேதான் ஆக்குகின்றது. இலையை முற்றும் இழந்த புல், வேரிலும் தண்டிலும் சேமித்ததைச் செலவிட்டே துளிர்க்க வேண்டும். அப்போது வேர் வளர்ச்சி தடைப்படும். ஆழமில்லாத வேர் கோடையைத் தாங்காது.

ஆகவே முதல் விதி இது: ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. 4 செ.மீ. உயரம் வேண்டுமாயின், புல் 6 செ.மீ. வளர்ந்ததும் வெட்டுக. மிக உயர்ந்துவிட்டால், சில நாள் இடைவெளி விட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உயரம் புல்லுக்குப் புல் மாறும். நல்ல வெயிலில் வளரும் அருகுக்கு 3 முதல் 4 செ.மீ. போதும். கொரியன் புல்லுக்கு 2.5 முதல் 5 செ.மீ. அகன்ற இலையுடைய எருமைப்புல்லுக்கு 6 முதல் 9 செ.மீ. தேவை. மரநிழலில் அருகு செழிக்காது. அங்கே எருமைப்புல்லே ஏற்றது.

நம் தென்காசி, குற்றாலம் பகுதியில் பருவத்தையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரலில் புல் விரைந்து வளரும். வாரம் ஒரு முறை வெட்ட நேரிடும். ஆயினும் ஈரப்புல்லை வெட்டாதீர்கள். அது கட்டியாக ஒட்டும், நோயும் பரவும். மழை ஓய்ந்து புல் உலரும் வரை பொறுத்திருங்கள். மேகம் மூடிய நாள்களிலும் கடுங்கோடையிலும் 1 செ.மீ. கூடுதலாக விடுவது நன்று.

வெட்டும் எந்திரத்தைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, தரைக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து கொள்ளுங்கள். கத்தி கூர்மையாக இருக்கட்டும்; மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும், நுனி கருகும். மெல்லிய வெட்டுத்துண்டுகளைப் புல்வெளியிலேயே விட்டால் அவையே உரமாகும்.

எங்கள் புல்வெளிக்கு மண் போட்டு, களை பறித்து, வெட்டாமல் காத்திருந்தோம். மண்ணடியில் உயிரோடிருந்த தண்டுகள் மெல்லத் துளிர்த்தன. ஐப்பசி மழைக்குப் பின்னரே தரை மீண்டும் மூடிற்று. ஒரு நாள் அழகுக்காக ஆறு மாதம் இழந்தோம். திருவிழா வந்து போகும். புல்வெளியோ ஆண்டு முழுவதும் வேண்டும். இவ்வாண்டு உங்கள் வீட்டு முற்றத்தில் கத்தியைச் சற்றே உயர்த்தி வையுங்கள்.