பெயர் வேண்டாம், எண் போதும்

சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள், பெற்றோர்களே.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பல பாடங்களுக்குப் பருவ முடிவில் எழுதும் ஒரே தேர்வுதான் தலையெழுத்து. மூன்று, நான்கு மணி நேரம். பெரும்பாலோர் பேனாவைத் தொடுவதில்லை. சொந்த மடிக்கணினியில் தட்டச்சு செய்கிறார்கள்.

கணினியில் பார்த்து எழுதிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் எக்ஸாம்பிளிஃபை போன்ற மென்பொருள். தேர்வு தொடங்கியதும் இணையத்தையும் மற்றக் கோப்புகளையும் பூட்டிவிடும். சில பேராசிரியர்கள் புத்தகத்தையே அனுமதிப்பார்கள். ஆனால் நீண்ட கதையொன்றைக் கொடுத்து, யார்மீது என்ன வழக்கு என்று கேட்டால் புரட்ட நேரம் ஏது?

விடையில் பெயர் கிடையாது, எண் மட்டுமே. எழுதியது யார் வீட்டுப் பிள்ளை என்று திருத்துபவருக்குத் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

யந்திரம் காலை வாரியதும் உண்டு. 2014 ஜூலையில் வக்கீல் தொழிலுக்கான தேர்வு எழுதியவர்கள், பல மாநிலங்களில், விடையை அனுப்ப முடியாமல் இரவில் தவித்தார்கள். மறுநாளும் தேர்வு! கெடுவை நீட்டினார்கள். வழக்குத் தொடுக்கப்பட்டு, 2015இல் எக்ஸாம்சாஃப்ட் நிறுவனம் 21 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. வக்கீலாகப் போகிறவர்களிடமா வம்பு!

தட்டச்சு பழகும் பெண்ணைப் பார்த்து, “கிராணி வேலைக்கா?” என்று கேட்பவர்கள் தோட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். விரல் ஓடாவிட்டால் இந்தத் தேர்வில் தெரிந்த விடையும் பாதியில் நின்றுவிடும். பழகட்டும், விடுங்கள்.