பழைய மடிக்கணினியும் புதிய வெளியீடும்: சில எண்ணங்கள்

என் மேசையிலிருக்கும் மடிக்கணினியைப் பார்த்துவிட்டு, "இன்னுமா இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்டார் நண்பர். அவர் கேட்டதில் தவறில்லை. 2007-ஆம் ஆண்டுக் கணினி அது. கோர் 2 டியோ செயலி, 2 ஜிகாபைட் நினைவகம். விசைப்பலகையில் சில எழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டன. அதில் டெபியன் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் 32 பிட் வடிவத்தில். நினைவகம் குறைவு என்பதால் அன்று அப்படி நிறுவினேன்.

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியானபோது இந்தக் கணினிக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்த வெளியீட்டிலிருந்து 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு நிறுவியும் கிடையாது, கர்னலும் கிடையாது. இத்தகைய கணினியை வைத்திருப்போர் மேம்படுத்த வேண்டாம்; இயலுமானால் 64 பிட் வடிவத்தைப் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள், இயலாவிட்டால் கணினிக்கு ஓய்வு கொடுங்கள் என்று வெளியீட்டுக் குறிப்பே தெளிவாகச் சொல்லிவிட்டது.

இலக்கியம் பேசும் இடத்தில் இதை ஏன் பேச வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்மில் பலர் கணினியில் எழுதத் தொடங்கியது திஸ்கி, தாப், தாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றம் புழங்கிய காலத்தில். அன்று தட்டச்சு செய்த கதைகளும், சிற்றிதழ்களுக்கு அனுப்பித் திரும்பி வந்த கட்டுரைகளும், அச்சேறாத மொழிபெயர்ப்புகளும் இன்று எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் பரணிலிருக்கும் ஏதோ ஒரு பழைய மடிக்கணினியின் வன்தட்டில். ஆகவே பழைய கணினியை மேம்படுத்துவதா, தூக்கி எறிவதா, அப்படியே விட்டுவிடுவதா என்பது நம் எழுத்து எஞ்சுமா என்ற கேள்வியோடு பிணைந்திருக்கிறது.

முதலில், கைவிடப்படுவது குறித்த மனக்குறையைப் பார்ப்போம். கட்டற்ற மென்பொருள் பழைய கணினிகளின் புகலிடம் என்று பல்லாண்டுகளாகப் பெருமை பேசி வந்திருக்கிறோம். அந்தப் பெருமை பொய்த்துவிட்டதா? வரலாற்றைப் பார்த்தால் இது புதிதல்ல. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 செயலி கொண்ட கணினியில், அந்தச் செயலிக்காகவே. அதே 386-க்கான ஆதரவு 2013-இல் வெளியான 3.8 கர்னலில் நீக்கப்பட்டது. பிறந்த வீட்டையே இடித்துவிட்டுத்தான் லினக்ஸ் மேலே நடந்திருக்கிறது. உபுண்டுவும் 2019-இலேயே 32 பிட் கணினிகளை விட்டுவிட்டது.

எனினும் கைவிடுதலில் இரு வகை உண்டு என்றே கருதுகிறேன். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இருந்தால்தான் தன்னை நிறுவ ஒப்புகிறது. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் எண்ணற்ற கணினிகள் இதனால் ஒரே நாளில் வேண்டாதவையாயின. அங்கே முடிவு செய்வது விற்பவர். டெபியனில் முடிவு செய்தவர்கள் தன்னார்வலர்கள். ஒவ்வொரு பொதியையும் 32 பிட்டில் தொகுத்து, சோதித்து, பிழை திருத்திக்கொண்டிருக்க ஆள் வேண்டும். ஆள் குறைந்தது, விட்டார்கள். வேண்டுமென்பவர் மூல நிரலை எடுத்துத் தாமே தொடரத் தடையேதும் இல்லை. நெட்பிஎஸ்டி போன்ற இயங்குதளங்கள் அந்த வேலையைச் செய்தும் வருகின்றன. கதவு மூடப்பட்டது என்னவோ உண்மைதான், ஆனால் சாவி நம் கையிலேயே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை வினாடிகள் கழிந்தன என்று எண்ணியே இவ்வகைக் கணினிகள் காலத்தை அறிகின்றன. அந்த எண்ணை 32 பிட்டில் வைத்தால் 2038 ஜனவரி 19 அன்று இடம் போதாமற்போகும். கணினி பின்னோக்கி 1901-க்குத் தாவிவிடும். டெபியன் 13-இல் மற்ற 32 பிட் வடிவங்களில் இதைச் சரிசெய்தார்கள். பழைய இன்டெல் வடிவத்தில் மட்டும் சரிசெய்யவில்லை. பழைய மென்பொருள்கள் மாற்றமின்றி ஓடவேண்டும் என்பதே அதன் எஞ்சிய பயன் என்பதால் அதை அப்படியே விட்டார்கள். பழையதைக் காப்பாற்றவே பழையது பழையதாக விடப்பட்டது. இந்த முடிவை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

"அப்படியானால் மேம்படுத்தாமலே இருந்துவிடலாமே, ஓடுகிறதல்லவா?" என்பது அடுத்த வாதம். இணையத்தோடு தொடர்பில்லாத கணினியென்றால் இதை ஏற்கலாம். இணையத்தோடு தொடர்பிருந்தால் ஏற்க முடியாது. தளங்களை நம்பலாமா என்று உறுதிசெய்யும் சான்றிதழ்களுக்கு ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று அத்தகைய ஒரு வேர்ச்சான்றிதழின் காலம் முடிந்தபோது, மேம்படுத்தப்படாத பல பழைய கணினிகளில், முந்தைய நாள்வரை திறந்த தளங்கள் திறக்க மறுத்தன. கணினியில் எதுவும் மாறவில்லை, உலகம்தான் நகர்ந்துவிட்டது. டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அது ஓர் அவகாசம் மட்டுமே, தீர்வன்று.

மேம்படுத்தும் முறை பற்றி என் அனுபவத்தில் கற்றதைச் சொல்லியாக வேண்டும். 2023-இல் டெபியன் 10-இலிருந்து நேராக 12-க்குத் தாவ முயன்றேன். ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்த வெளியீட்டுக்கு மட்டுமே மேம்படுத்தலாம், இடையில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று குறிப்புகள் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கின்றன. படித்திருந்தும் செய்தேன். அவசரம் என்பதைவிட ஆணவம் என்பதே பொருந்தும். பாதிப் பொதிகள் பழையவை, பாதி புதியவை என்ற நிலையில் கணினி நின்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். பிறகு 10-இலிருந்து 11, 11-இலிருந்து 12 என்று இரண்டு இரவுகள் பொறுமையாகப் படியேறியபோது ஒரு சிக்கலும் இல்லை.

12-இல் சிறிய மாற்றம் ஒன்றும் வந்திருந்தது. கம்பியில்லா வலையமைப்பு அட்டை போன்றவற்றுக்குத் தேவையான, கட்டற்றதல்லாத சாதன நிரல்களைத் தனிப் பிரிவாக்குவது என்று 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள். மூலப்பட்டியலில் அந்தப் பிரிவின் பெயரைச் சேர்க்காவிட்டால் பழைய நிரல் அப்படியே நிற்கும், ஆனால் திருத்தங்கள் வாரா. குறிப்பைப் படித்தவருக்கு இது தெரியும். வெளியீட்டுக் குறிப்பை ஒரு நூலின் முன்னுரைபோல் எண்ணித் தாண்டிவிடுகிறோம். உண்மையில் அது பிழைதிருத்தப் பட்டியல். அதைப் படிக்காமல் நூலுக்குள் போகக்கூடாது.

இனி 13. என் செயலி 64 பிட் ஏற்குமா? செயலியின் விவரக் கோப்பில் 'எல்எம்' என்ற இரண்டெழுத்துக் கொடி இருந்தால் ஏற்கும். இருந்தது. 2006 ஜனவரியில் வந்த கோர் டியோவுக்கு அது கிடையாது. அதே ஆண்டில் சில மாதங்கள் கழித்து வந்த கோர் 2 டியோவுக்கு உண்டு. வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாத இரு மடிக்கணினிகளில் ஒன்று தப்பிக்கிறது, மற்றது நின்றுவிடுகிறது. 64 பிட் என்றாலும் எல்லா வழங்கல்களும் இடமளித்துவிடுவதில்லை. ரெட் ஹாட் நிறுவன லினக்ஸ் 2022-இல் வெளியிட்ட 9-ஆம் பதிப்பு இன்னும் புதிய செயலிக் கட்டளைகளைக் கோருகிறது. என் கணினிக்கு அங்கே இடமில்லை. டெபியன் இன்னும் தொடக்கக்கால 64 பிட் செயலிகளையும் ஏற்கிறது.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பான வழி. கோப்புகளை வெளியே எடுத்துவைத்து, வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டு ஒன்றைப் பொருத்தி, எளிய மேசைத்தளமான எக்ஸ்எஃப்சிஇ-யுடன் நிறுவினேன். 2 ஜிகாபைட்டில் எழுதலாம், படிக்கலாம், அஞ்சல் பார்க்கலாம். உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவு இந்த வெளியீட்டில் இயல்பாக நினைவகத்திலேயே அமைகிறது என்பதையும், கணினியை நிறுத்தினால் அதில் வைத்தது போய்விடும் என்பதையும் சிறு கணினி வைத்திருப்போர் மனத்தில் கொள்ளவேண்டும்.

அதன்பின்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது. திஸ்கிக் கோப்புகளை மாற்ற வைத்திருந்த சிறு நிரல் பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. அம்மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது; டெபியனும் 12-ஆம் வெளியீட்டில் அதை நீக்கிவிட்டது. கோப்பைத் திறந்தால் திரையில் தமிழ் இல்லை, ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். எழுதியவன் நான், எழுதியதைப் படிக்க முடியாதவனும் நானே.

வழி அருகிலேயே இருந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் உள்ள 'ஐகான்வ்' என்ற கட்டளைக்குத் திஸ்கி தெரியும். இது சாதாரண வேலையன்று. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே பதிவாகும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடிலோ மெய்யெழுத்தின் உருவம் முதலில், உயிர்க்குறி அடுத்து. எழுத்துகளை மாற்றினால் மட்டும் போதாது, அடுக்கையும் மாற்றவேண்டும். யாரோ ஒருவர் இதையெல்லாம் கருத்தில் கொண்டு, ஊதியம் எதிர்பாராமல் எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலான கோப்புகள் ஒரே மாலையில் யுனிகோடுக்கு வந்துவிட்டன. பாமினி போன்ற எழுத்துருவைச் சார்ந்த கோப்புகளுக்கு இந்தக் கட்டளை உதவாது; அவற்றுக்குத் தனி மாற்றிகள் வேண்டும். எந்த வழியில் மாற்றினாலும் மெய்ப்புப் பார்க்காமல் மூலத்தை அழித்துவிடக்கூடாது.

பனையோலைக்கு ஆயுள் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஏடு இற்றுப்போகுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதியதில் பிழைகள் புகுந்தன, பாடபேதங்கள் தோன்றின. எனினும் பெயர்த்தெழுதியவையே எஞ்சின. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஏடுகள் கிடைத்ததென்றால், அதற்கு முன் பல தலைமுறைகளில் பெயர் தெரியாத பலர் சலிப்பூட்டும் அந்த வேலையைச் செய்திருந்ததே காரணம். ஏட்டைப் பூசையறையில் வைத்து வணங்கிக்கொண்டு மட்டும் இருந்த வீடுகளில் கரையான்தான் அதைப் படித்தது.

பழைய கணினியின் மீதான பற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. மேம்படுத்தாமல் வைத்திருப்பதை நாம் பாதுகாத்தல் என்று எண்ணிக்கொள்கிறோம். மறுபுறம், எதையும் பாராமல் புதியது வாங்கிவிட்டுப் பழையதைக் காயலான் கடைக்குப் போடுவோர், ஏட்டை ஆற்றில் விட்டவர்களைப் போன்றவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து, குறிப்பைப் படித்து, நகல் எடுத்து, படிப்படியாக மேம்படுத்தி, அந்தச் சாக்கில் நம் கோப்புகள் ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்ப்பது. மேம்படுத்தலின் உண்மையான பயன் புதிய வசதிகளில் இல்லை. வேறு எந்தக் காரணத்துக்காகவும் நாம் திறக்காத கோப்புகளை அது திறக்க வைக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மடிக்கணினியும் ஒருநாள் நிற்கும். டெபியனும் என்றாவது இன்றைய தொடக்கக்கால 64 பிட் செயலிகளை விட்டுவிடும். அன்று எனக்கு வருத்தம் இருக்கும், குறை இருக்காது. கணினி வெறும் ஓலைதான்.

பரணில் மடிக்கணினி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் அதை இறக்கித் திறந்து பாருங்கள். இயங்கினால் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்; மேம்படுத்துவதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். மாற்றிய கோப்புகளில் நான் மறந்தே போயிருந்த ஒரு சிறுகதை கிடைத்தது. நல்ல கதையன்று. ஆனால் அதை அப்படிச் சொல்வதற்கும் முதலில் படிக்க முடியவேண்டுமல்லவா?