குணமான பிள்ளைக்கு டாக்டர் யார்?



புற்றுநோய் வந்த குழந்தைக்குச் சிகிச்சை முடிந்து, "இனி பயமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பெரிய டாக்டர் சொல்கிற நாளோடு அந்தக் கதையை நாம் முடித்துவிடுகிறோம். பத்திரிகையும் அங்கேதான் முடிக்கிறது. மொட்டைத் தலையில் முடி முளைத்த பிள்ளை, கையில் கேக், பக்கத்தில் ஒரு பிரமுகர். படம் எடுத்தாயிற்று.

அதே பிள்ளைக்குப் பதினைந்து வருடம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் யாரிடம் போகும்? அந்த டாக்டருக்கு என்ன தெரிந்திருக்கும்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகள் கடைசி வரை படியுங்கள்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் வேறு சில புற்றுநோய்களுக்கும் டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகளைக் கொடுக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றும் மருந்துகள்தான். ஆனால் மொத்த அளவு கூடக் கூட இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஆபத்தும் கூடுகிறது. அந்தப் பாதிப்பு பத்து, இருபது வருடம் கழித்தும் தலைகாட்டலாம். நெஞ்சில் ரேடியேஷன் வாங்கிய பெண் குழந்தைக்கு இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். தலையில் ரேடியேஷன் வாங்கினால் வளர்ச்சியும் படிப்பும் பாதிக்கப்படலாம். சிஸ்பிளாட்டின் காது கேட்கும் திறனைக் குறைக்கலாம். இவற்றில் பலவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். எக்கோ, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் புதிய விஞ்ஞானம் இல்லை. எதை, யாருக்கு, எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்த டாக்டர்தான் வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களை 1994 முதல் ஒரு பெரிய ஆய்வு பின்தொடர்கிறது. அதிலிருந்து 2006-ல் வந்த கட்டுரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றியது. 1970க்கும் 1986க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டு, பிழைத்து, பெரியவர்களானவர்கள். இவர்களில் 62 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட உடல் பிரச்சினை இருந்தது. கால்வாசிக்கும் மேல், 27.5 சதவீதம் பேருக்கு, அது கடுமையானதாகவோ உயிருக்கு ஆபத்தானதாகவோ இருந்தது. உடன் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் கடுமையான பிரச்சினை வரும் ஆபத்து எட்டு மடங்கு.

எப்படிக் கண்காணிப்பது என்ற வழிகாட்டியை அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் நிபுணர்கள் 2003-லேயே வெளியிட்டுவிட்டார்கள். பிறகு என்ன நடந்தது? 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொது மருத்துவர்கள் பதில் சொன்னார்கள். பாதிப்பேர் இப்படிப் பிழைத்த ஒருவருக்காவது மருத்துவம் பார்த்தவர்கள். அவர்களில் 72 சதவீதம் பேரின் கைக்கு, அந்த நோயாளிக்குச் சிறுவயதில் என்ன சிகிச்சை நடந்தது என்ற சுருக்கக் குறிப்பு ஒருமுறைகூட வந்ததில்லை. வழிகாட்டி நன்றாகப் பரிச்சயம் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து பிழைத்த இளம்பெண் ஒருத்தியின் நிலையை எழுதிக் கொடுத்து என்ன பரிசோதனை செய்வீர்கள் என்று கேட்டார்கள். மார்பகப் பரிசோதனை விஷயத்தில் பத்தில் ஒன்பது பேர் வழிகாட்டிப்படி பதில் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்." ஒரு பயிலரங்கம், ஒரு ஆன்லைன் வகுப்பு, ஒரு சான்றிதழ். முடிந்தது.

எனக்கு இங்கேதான் கோபம் வருகிறது. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டாக்டரின் அறியாமை எல்லா நோயாளிகள் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. அதே பெரிய ஆய்விலிருந்து 2008-ல் வந்த இன்னொரு கட்டுரையைப் பாருங்கள். பிழைத்தவர்களில் 89 சதவீதம் பேர் ஏதோ ஒரு மருத்துவம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பழைய புற்றுநோயை மனதில் வைத்து, ஆபத்தைக் குறைக்க ஆலோசனையோ பரிசோதனையோ கிடைத்தது 18 சதவீதம் பேருக்கு மட்டுமே. மருத்துவரிடம் போனவர்களில் அது கிடைக்கும் வாய்ப்பு யாருக்குக் குறைவு? கறுப்பினத்தவருக்கு. காப்பீடு இல்லாதவருக்கு. வயது கூடியவருக்கு.

இது ஒரு நாளில் வந்ததா? 1910-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் தரம் பற்றி ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வந்தது. தரம் என்ற பெயரில் வந்த அந்த அலையில், அப்போது இருந்த ஏழு கறுப்பினக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. நூறு வருடம் கழித்து, 2016-ல், வெர்ஜீனியாவில் ஓர் ஆய்வு. வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர், கறுப்பின உடலைப் பற்றி 'தோல் தடிமன்' போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சிகிச்சையிலும் தவறினார்கள். இவர்கள் படிக்காதவர்களா? மருத்துவக் கல்வி பாடத்தோடு சேர்த்துப் பார்வையையும் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பார்வையை எந்த ஆன்லைன் வகுப்பு மாற்றும்?

இனி நம் ஊருக்கு வருவோம்.

"இங்கே பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலுக்கே வராமல் சாகிறார்கள், பாதிச் சிகிச்சையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் பிழைத்தவர்களைப் பற்றிப் பேசுகிறீர்களே?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குழந்தைகள் குணமாகும்போது, பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. அதனால்தான் 2030-க்குள் உலகம் முழுக்க 60 சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. அந்த இலக்கு நிறைவேறினால் நம் காலனிகளுக்குத் திரும்பி வரும் பிள்ளைகள் பெருகுவார்கள். நிறைவேறக் கூடாது என்று நாம் நினைக்கவில்லையே? அப்படியானால் திரும்பி வருபவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று இப்போதே கேட்க வேண்டும்.

ஏற்பாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991-லேயே சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்று தனி கிளினிக் தொடங்கியது. ஆனால் நிபுணர் கிளினிக் பெருநகரத்தில் இருக்கிறது. தினக்கூலி வாங்கும் அம்மாவுக்கு அங்கே ஒருமுறை போய் வருவது என்றால் இரண்டு மூன்று நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. அதுவும் 'நல்லா இருக்கிற' பிள்ளையைக் கூட்டிக்கொண்டு. 2018-ல் வந்த ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. வெளிநோயாளியாக வந்து வருடம் ஒரு எக்கோ எடுப்பதற்கு அதில் இடமில்லை.

ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய். குணமாகிவிட்டாள். வயதுக்கு வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம், 'கல்யாணம் ஆகுமா?' ஃபைலைப் பரணில் போடுகிறார்கள், பிறகு அடுப்பில் போடுகிறார்கள். இருபத்திரண்டு வயதில் கர்ப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கிறார்கள். சிறுவயதில் இதயத்தைத் தாக்கும் மருந்து வாங்கியவளுக்குக் கர்ப்ப காலத்தில் எக்கோ பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. அவளும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது சொல்ல மாட்டாள். எட்டாவது மாதம் மூச்சு வாங்கும். "ரத்தம் கம்மி, சத்தா சாப்பிடு" என்பார்கள்.

அவளைத் தனியாக உட்காரவைத்து, நாற்காலி கொடுத்து, "சின்ன வயசுல பெரிய நோய் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்கும் டாக்டர் வேண்டும். அந்த டாக்டர் எங்கிருந்து வருவார்? 2017-ல் அரியலூர் அனிதாவை இழந்தோம். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதைச் சலுகை என்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு டாக்டர் வருவது நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நான் சொல்கிறேன். வந்தவர்களைக் கல்லூரி எப்படி நடத்துகிறது? டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் படும் பாட்டை 2007-லேயே தோரட் குழு எழுதிக் கொடுத்தது. 2019-ல் மும்பையில் பாயல் தட்வியை இழந்தோம். சக மாணவரையே சமமாகப் பார்க்கப் பழகாத வளாகம், சேரியிலிருந்து வரும் நோயாளியை எப்படிக் காது கொடுத்துக் கேட்கும்?

இன்னொன்று. அமெரிக்காவில் அந்த இடைவெளி எப்படித் தெரிந்தது? ஆய்வாளர்கள் இனம் என்ன என்று கேட்டு எழுதினார்கள். கேட்டதால் கணக்கு வந்தது, கணக்கு வந்ததால் மறைக்க முடியவில்லை. இங்கே ஆய்வுப் படிவத்தில் சாதி என்ற கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 'மருத்துவத்தில் சாதி இல்லை' என்று சொல்பவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று, சிகிச்சை முடியும் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழில் ஒரே பக்கக் குறிப்பு. என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, ரேடியேஷன் எங்கே, எந்த வயதில் என்ன பரிசோதனை. அடுப்பில் போனாலும் மறுபடி எடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு பிரதி. அது நோயாளியின் சம்மதம் இல்லாமல் யார் கைக்கும் போகக் கூடாது.

இரண்டு, தொடர் பரிசோதனை மாவட்ட அளவில், இலவசமாக. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருகிறது. இவர்களையும் தேடி வரட்டும்.

மூன்று, பயிற்சி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிலிருந்தும் கிராம சுகாதார செவிலியரிலிருந்தும் தொடங்கட்டும். பிழைத்து வளர்ந்தவர்களே வகுப்பில் வந்து பேசட்டும், அதற்குச் சம்பளமும் கொடுக்கட்டும்.

நான்கு, ஆய்வில் சாதியைக் கேளுங்கள், முடிவை வெளியிடுங்கள்.

மருத்துவ மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. நாளை உங்கள் பாடத்திட்டத்தைத் திறந்து, குழந்தைப் புற்றுநோய்ப் பாடத்தில் 'சிகிச்சைக்குப் பின்' எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். பேராசிரியரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் நான்கு பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

'கற்பி' என்று அண்ணல் சொன்னதை, நாம் படிக்க வேண்டும் என்று மட்டும் இதுவரை புரிந்துகொண்டோம். நமக்கு மருந்து எழுதுகிறவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதும் நிறைய இருக்கிறது.

ஜெய் பீம்.