நுழைவு மட்டும் போதுமா?

பல்கலைக்கழகத்தின் வாயில் திறந்திருப்பது வேறு. உள்ளே புகுந்தவனுக்கு அது தன் வீடாய் இருப்பது வேறு. முன்னதை அரசின் ஆணை செய்துவிடும். பின்னதற்குத் தாய்மொழி வேண்டும். மாந்த நேயமும் வேண்டும். தமிழ்நாட்டில் முன்னது ஓரளவு நிகழ்ந்துள்ளது. பின்னது இன்னும் நிகழவில்லை.

சிற்றூர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாண்டு தமிழ்வழிப் பயின்று, நல்ல மதிப்பெண் பெற்று, தன் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் ஒரு மாணவனை எண்ணுக. முதல்நாள் வகுப்பில் விரிவுரை ஆங்கிலத்தில் நிகழ்கின்றது. விசையும் முடுக்கமும் அவன் நன்கறிந்தவையே. ஆயினும் அவற்றின் ஆங்கிலப் பெயரைக் கேட்டு, ஏதோ அறியாப் பொருளென மலைக்கின்றான். உள்ளத்தில் வினா எழுகின்றது; வாய் திறக்கவில்லை. கடைசி இருக்கைக்குச் செல்கின்றான். படிப்பு முடியும் வரை அங்கேயே இருந்துவிடுகின்றான். அறிந்தவனை அறியாதவனாக்கிவிட்டு, அவனுக்கே ‘திறன் குறைந்தவன்’ என்று பெயரும் சூட்டுகின்றனர். இதனினும் பெரிய கொடுமை கல்வியுலகில் உண்டோ?

இந்நிலை இன்று நேற்று வந்ததன்று. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோதே ஆங்கிலம் கல்விமொழியாக அரியணை ஏறிற்று. தமிழ் ஒரு மூலையிற் பாடமாய் ஒதுங்கிற்று. 1902-இல் அம்மூலையும் பறிபோகும் நிலை வந்தது. தமிழைப் பாடத்திட்டத்தினின்று நீக்கும் முயற்சியைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற்கலைஞர் எதிர்த்து நின்றார். 1965 சனவரி 27-ஆம் பக்கல், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் இந்தியெதிர்ப்புப் போரில் துமுக்கிச் சூட்டுக்கு இரையானார். ஆதலின் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழுக்குள்ள இடம் இரந்து பெற்றதன்று. உயிர் கொடுத்துக் காத்தது.

அண்மைக் காலத்தில் நன்மைகள் சில விளைந்துள்ளன. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அவ்வாண்டே, தமிழ்வழிக் கற்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு இடவொதுக்கீடு 2020-இல் மருத்துவக் கல்விக்கும், 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்கல்விகட்கும் வந்தது. இவை பாராட்டத் தக்கனவே.

ஆயினும் நடந்தது என்ன? 2023 மேத் திங்களில், உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பொறியியல் நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சேர்வோர் குறைவு என்பதே சொல்லப்பட்ட கரணியம். எதிர்ப்பெழவே அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. சேர்வோர் ஏன் குறைந்தனர்? போதிய பாடநூல் இல்லை. தமிழில் விரிவுரை நிகழ்த்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. வேலைக்கு ஆள் தேடி வரும் குழுமங்களின் நேர்காணலும் ஆங்கிலத்திலேயே. உப்பும் புளியும் வாங்கி வையாமலே கடை திறந்துவிட்டு, ஆள் வரவில்லையென்று கதவடைப்பது வணிகமாகுமா?

தமிழிற் கலைச்சொல் இல்லையென்பார் மானிப்பாயை நினைக்க. யாழ்ப்பாணத்து அவ்வூரில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவரே 1864 முதல் தமிழுக்கு மாறினார். உடற்கூறும் அறுவையும் மகப்பேறும் தமிழ் நூல்களாயின. அந்நூல்களில் வடசொல் மிகுதிதான். அஃது அக்கால நடை. ஆயினும் கடல் கடந்து வந்த ஓர் அயலார், மாணவனைத் தம் மொழிக்கு இழுக்காமல், தாமே மாணவன் மொழிக்கு வந்தார். அன்று அவராற் கூடியது, இன்று தமிழராற் கூடாதா?

ஆங்கிலம் வேண்டாவோ எனின், வேண்டும். அதனை ஒரு மொழியாக நன்கு கற்பிக்க. கற்கும் கருவி வேறு. வழிமறிக்கும் வேலி வேறு.

இனி, தமிழன்பர் தம் நெஞ்சையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழியக்கம் புதுவேலி கட்ட எழுந்ததன்று. ஆங்கிலம் தடுமாறுபவனைப் பார்த்து ஆங்கிலத்துறை நகைக்கின்றது என்று சினக்கும் தமிழ்த்துறை, நாட்டுப்புற மாணவனின் வட்டாரப் பேச்சைக் கேட்டுத் தான் நகைக்கலாமா? செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிக்கு 1974-இல் இயக்குநரான பாவாணர், உழவர் வாய்ச்சொல்லையும் மொழியின் உயிர்ச்சான்றாகப் போற்றினார். அவர் போற்றியதை அவர் வழிவந்தோர் எள்ளுதல் தகாது.

அதனினும் பெரிது சாதி. விடுதியில் உடன் உண்ணுமுன் ஊர்ப்பெயர் கேட்டு, ஊர்ப்பெயரிலிருந்து தெருப்பெயர் கேட்டு, தெருப்பெயரிலிருந்து பிறப்பை அளக்கும் இழிவு ஒழிந்தபாடில்லை. கையிலே சாதிக் கயிறும் நாவிலே தூய தமிழும் ஓரிடத்தில் நில்லா. வடசொல்லைத் தள்ளி வருணத்தை வைத்துக்கொள்பவன், உமியைக் காத்து அரிசியை எறிந்தவனே.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. முதலாண்டில் ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொல்லும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கரும்பலகையில் எழுதப்பெறுக. வினாவைத் தமிழிற் கேட்கவும் விடையைத் தமிழில் எழுதவும் எல்லாத் துறையிலும் இசைவு தருக. அலுவலகப் படிவமும் விடுதி அறிவிப்பும் தமிழில் இருக்க. புதிதாய் வருவோன் ஒவ்வொருவனுக்கும் ஒரு மூத்த மாணவன் துணையாகுக. விடுதி அறைகள் சாதி பாராது கலந்து வழங்கப்பெறுக. பிறமொழி மாணவர் வந்தால், அவர்க்குத் தமிழை அன்பாற் கற்பிக்க. தமிழர் பட்ட இழிவைப் பிறர்க்குச் செய்தல் தமிழர்க்கு அழகன்று.

கடைசி இருக்கையில் வாய் மூடியிருப்பவன் தன் மொழியில் எழுந்து ஒரு வினாக் கேட்கட்டும். அன்றுதான் அப்பல்கலைக்கழகம் அவனுடையதாகும். அன்றுதான் அது தமிழ்நாட்டினதும் ஆகும்.