தங்கம் தந்த மண்ணில் வலியோடு சாவதா?

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ரயில்களில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள் ஏறுகிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து இந்த ரயில்தான் தங்கவயல் மக்களின் வாழ்வாதாரம். அதே ரயிலில் வேறு சிலரும் பயணம் செய்கிறார்கள். மடியில் மருத்துவச் சீட்டுகள் அடங்கிய பை, பக்கத்தில் அன்றைய கூலியை இழந்து துணைக்கு வரும் மகனோ மகளோ. அவர்கள் புற்றுநோயாளிகள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கித்வாய் புற்றுநோய் நிலையமே அவர்கள் நம்பும் அரசு மருத்துவமனை. பூதிகோட்டை போன்ற சுற்றுவட்டாரக் கிராமத்தவர்கள், பங்காருப்பேட்டைக்குப் பேருந்தில் வந்துதான் இந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"நோய் முற்றிவிட்டது, இனிக் குணப்படுத்த இயலாது" என்று மருத்துவர் சொன்ன பிறகும் இந்தப் பயணம் நிற்பதில்லை. நம்பிக்கை மட்டுமே அதற்குக் காரணமன்று. வலிக்கு மருந்து ஊரில் கிடைப்பதில்லை. முற்றிய புற்றுநோயால் குடும்பங்கள் கடனாளியாவதைப் பற்றிப் பேசும்போது, விலையுயர்ந்த மருந்துகளையே நாம் முதலில் நினைக்கிறோம். அது உண்மையின் ஒரு பாதி. வீட்டருகே கிடைக்க வேண்டிய எளிய, மலிவான சிகிச்சை கிடைக்காததால் செலவாகும் பணம்தான் மறுபாதி. அந்த மறுபாதிக்கு முழுப் பொறுப்பு அரசுகளே.

பணம் எங்கே போகிறது?

கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய்க்கு வாய்ப்புற்று. புகையிலை சேர்த்த வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கும் பழக்கம் பெண்களிடையே பரவலாக உள்ள கோலார் மாவட்டத்தில் இது அரிய நோயன்று. முதலில் தாயின் வருமானம் நிற்கிறது. பிறகு அவரைக் கவனிக்க மகளோ மருமகளோ வேலையை விடுகிறார். அழைத்துச் செல்லும் மகன் மாதத்தில் பல நாள் கூலியை இழக்கிறார். பயணம், சாப்பாடு, தங்குமிடம், ஸ்கேன், புண்ணுக்குக் கட்டுத் துணி, குழாய்வழி உணவு, தூங்க மாத்திரை என்று நீளும் செலவுகள் எதற்கும் முழுமையான ரசீதுகூட இருக்காது. நகை அடகுக்குப் போகிறது; பிறகு கந்துவட்டி; பிறகு பிள்ளையின் படிப்பு. தாய் இறந்த பிறகும் வட்டி உயிரோடிருக்கிறது.

இடையில் ஒரு நள்ளிரவில் வலி தாங்க முடியாமல் போகும்போது, குடும்பம் அருகிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும் நான்கு நாட்கள், நான்கு ஆண்டுச் சேமிப்பை விழுங்குகின்றன. நோயாளியின் ஆயுள் அதனால் கூடுவதில்லை. வலியும் முறையாகத் தணிவதில்லை. வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு செவிலியரும், கையில் சில மாத்திரைகளும் இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காத செலவு அது.

காப்பீடு படுக்கையோடு நின்றுவிடுகிறது

இதற்குத்தான் ஆயுஷ்மான் பாரத் இருக்கிறதே என்று ஒன்றிய ஆட்சியாளர்கள் பதில் சொல்வார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற விளம்பரம் எங்கும் காணக் கிடைக்கிறது. ஆனால், அத்திட்டம் அடிப்படையில் மருத்துவமனை அனுமதியைச் சார்ந்தது. அனுமதிக்கு முந்தைய 3 நாட்களும், வீடு திரும்பிய பின் 15 நாட்களும்தான் அதன் எல்லை. முற்றிய புற்றுநோயாளி மாதக்கணக்கில் வாழ்வதோ வீட்டுக் கட்டிலில். இழந்த கூலிக்கும், பயணத்துக்கும், வீட்டில் பராமரிக்கும் பெண்ணின் உழைப்புக்கும் அதில் இடமில்லை. அறுவைக்கும் படுக்கைக்கும் பணம் தரும் காப்பீட்டால் தனியார் மருத்துவமனைக்கு வருவாய் உண்டு. வலியைத் தணித்து நோயாளியை வீட்டிலேயே அமைதியாக வைத்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை. லாபமில்லாத இடத்தில்தான் அரசு நிற்க வேண்டும். அங்கே அது இல்லை.

2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-ஆம் ஆண்டுக்குள் அரசின் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக உறுதியளித்தது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி அது 1.84 விழுக்காடு; பெருந்தொற்றுக் காலத்திலேயே அவ்வளவுதான். அதே கணக்குகளின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் பையிலிருந்தே கொடுத்தார்கள்.

மருந்து நம் வயலில், வலி நம் வீட்டில்

கடும் புற்றுநோய் வலிக்கு அடிப்படை மருந்து மார்ஃபின். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது நெடுங்காலமாக இருக்கிறது. ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய்தான். அதற்கான அபின், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகளின் நிலத்தில் ஒன்றிய அரசின் உரிமத்தோடு விளைகிறது. நீமச், காஜிப்பூர் அரசு ஆலைகளில் பதப்படுத்தப்பட்டு வெளிநாடுகளுக்கும் போகிறது.

ஆனால், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடத்தல்காரரையும் மருத்துவரையும் ஒரே கண்ணால் பார்த்தது. உரிமம் பெறும் சிக்கலுக்கும் சிறைத் தண்டனைக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. 1997-ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்தது. மருத்துவர்களும் தன்னார்வலர்களும் நெடுங்காலம் போராடிய பின் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒரே அனுமதியோடு மருந்தை இருப்பு வைக்கலாம் என்றானது. சட்டம் மாறியும் கிராமப்புறச் சுகாதார நிலையங்களின் அலமாரி மாறவில்லை. இந்தியாவின் வலிநிவாரணத் தேவையில் ஏறத்தாழ 4 விழுக்காடே நிறைவேறுகிறது என்று 2017-இல் லான்செட் ஆணையம் மதிப்பிட்டது. உலகம் முழுவதும் வழங்கப்படும் இவ்வகை மருந்து 298.5 டன், மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன் என்றும் அது கணக்கிட்டது. வலியிலும் வர்க்கம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

விலையுயர்ந்த மருந்துகளும் இயற்கையாகவே விலையுயர்ந்தவை அல்ல. 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, மாதம் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த சோராஃபெனிப் மருந்தை ஓர் இந்திய நிறுவனம் 8,800 ரூபாய்க்குத் தந்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவும், 2005-இல் இடதுசாரிகள் வற்புறுத்திப் பெற்ற பாதுகாப்புகளும் கையில் இருந்தும், அதன்பின் ஒரு கட்டாய உரிமத்தைக்கூட ஒன்றிய அரசு வழங்கவில்லை.

வழி தெரியாமல் இல்லை

கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சிறு வலிநிவாரண மருத்துவ மையமாகத் தொடங்கிய முயற்சி, அண்டை வீட்டாரையே தன்னார்வலர்களாக்கி வளர்ந்தது. 2008-இல் அன்றைய இடது ஜனநாயக முன்னணி அரசு அதை மாநிலக் கொள்கையாக்கியது. ஊராட்சிகள் பணம் ஒதுக்கின. செவிலியர்கள் வீடு தேடிச் சென்றார்கள். கேரளம் பணக்கார மாநிலம் என்பதால் அல்ல, உள்ளாட்சிக்கு அதிகாரமும் நிதியும் கொடுத்ததால்தான் இது நடந்தது.

பூதிகோட்டைக்கு இன்னும் அருகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தமிழக எல்லையைத் தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கியது. வீட்டிலேயே நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதன் பகுதிகள். அத்திட்டத்தைச் சுமக்கும் பெண் தன்னார்வலர்களுக்கு நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும் இல்லை என்ற குறையை நாம் தொடர்ந்து சுட்டிக்காட்ட வேண்டும். எனினும், எல்லைக்கு அப்பால் முடிவது இப்பால் ஏன் முடியாது? கர்நாடக அரசின் 'கிருஹ ஆரோக்கிய' திட்டமும் வீடு தேடி வருகிறது; நோயைக் கண்டறிகிறது. கண்டறியப்பட்ட நோய் முற்றியதென்றால் அதன் பிறகு யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. அந்த வேலையையும் மதிப்பூதியத்தில் வாழும் ஆஷா ஊழியர் தலையில் இலவசமாகச் சுமத்துவது தீர்வாகாது.

இந்த மண்ணுக்கு அரசு பட்ட கடன்

தங்கவயலுக்கு இது சலுகைக் கோரிக்கையன்று. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த ஒடுக்கப்பட்ட சாதி உழைப்பாளர்கள், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி, 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்துத் தந்தார்கள். 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. அந்த நோயைத் தந்த சிலிக்கா தூசி நுரையீரல் புற்றுக்கும் காரணம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் அறிவித்தது. அதற்குள் ஒரு தலைமுறை அதைச் சுவாசித்து முடித்திருந்தது.

சுரங்கத்தோடு சுரங்க மருத்துவமனையும் மூடப்பட்டது. இருபது ஆண்டுகள் பாழடைந்து கிடந்த அக்கட்டிடத்தை, 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது சில வாரங்களில் சுத்தம் செய்து படுக்கைகள் போட முடிந்தது. ஆக, இடமில்லை, வழியில்லை என்ற பேச்சு பொய். 2024 ஜூனில் சயனைடு மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மேட்டில் மிஞ்சிய தங்கம் அரசுகளின் கண்ணுக்குத் தெரிகிறது. மேட்டடியில் லைன் வீடுகளில் மிஞ்சிய மனிதர்கள் தெரியவில்லை.

நாம் கேட்பது இவைதான்:

பூதிகோட்டை உள்ளிட்ட ஊரக அரசுச் சுகாதார நிலையங்கள் அனைத்திலும் மார்ஃபின் இருப்பும், அதை வழங்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும். நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென நிரந்தரச் செவிலியரும், வீடு செல்ல வாகனமும் வேண்டும். காப்பீட்டுத் திட்டங்கள் வீட்டுப் பராமரிப்பையும் ஏற்க வேண்டும். முற்றிய நோயாளிக்கும், அவரைப் பராமரிப்பதால் வேலையிழப்பவருக்கும் மாத உதவித்தொகை வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு ஒன்றிய அரசின் பங்கு இன்றும் 200 ரூபாயாக இருப்பது வெட்கக்கேடு. முன்னாள் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தங்கவயலிலேயே புற்றுநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும். சயனைடு மேட்டிலிருந்து வரும் வருவாயின் முதல் செலவு அதுவாக இருக்க வேண்டும்.

1946 நவம்பரில் உரிமை கேட்டுப் போராடி, துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்த மண் இது. இங்கே எந்த உரிமையும் கேட்காமல் கிடைத்ததில்லை. வலியில்லாமல் கண்மூடும் உரிமையையும், தன் சாவு பிள்ளைகளின் தலையில் கடனாக இறங்காது என்ற உறுதியையும் நாம் கேட்டுத்தான் பெற வேண்டும். நோயாளியால் தெருவுக்கு வர முடியாது. அவருக்காக நாம் வருவோம்.